ஏலமலை உணரிகளும் எளிய மறையீடும்

ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். முதற்சொல் மணப்பொருளைக் குறிப்பது. இரண்டாவது, போர்ச்சுகீசிய மொழியின் 'லெய்லாவ்' என்னும் சொல் தமிழில் திரிந்து வழங்குவது என்பர் சொற்பிறப்பு ஆய்வோர். வேறு வேறு வழியில் வந்த இரு சொற்களும் ஒலியால் ஒன்றாகி நிற்பதைப் போலவே, மலைமேல் விளைவதும் மலையடியில் விலைபோவதும் இவ்வூரில் ஒன்றாகிக் கிடக்கின்றன. ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் இங்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021-இல் போடியையும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியையும் இணைத்து அம்முறை விரிந்தது. வாய்விட்டு விலை கேட்ட வணிகர் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்துகின்றனர்.

மலையடிக்கு வந்த மின்னணுவியல் மலைமேலும் ஏறிவிட்டது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தால், அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரி, மழைமானி, காய் உலர்த்தும் ஸ்டோரின் வெப்பத்தைச் சொல்லும் கருவி, நீர் இறைக்கும் மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே இயக்க உதவும் பெட்டி என இத்தகைய தோட்டங்களுக்கு ஏற்ற சிறு கருவிகள் பல இன்று கடைக்கு வந்துள்ளன. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவிகள் வானொலி அலைவழியே தம் உடையவரோடு பேசுகின்றன. அப்பேச்சை வழியில் நிற்கும் எவரும் கேட்கலாம். அதனினும் கேடு, அப்பேச்சைப் போலவே எவரும் பேசலாம். இதனைத் தடுக்கும் கலையே மறையீடு. மின்கலமும் நினைவகமும் மிகச் சிறியனவாக உள்ள கருவிக்கு ஏற்ற மறையீட்டை எவ்வாறு தேர்வது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

தமிழ்த் துறை மலரில் இஃது எதற்கு என வினவுவார் உளராகலாம். சொல்லுக்குள் பொருளை மறைத்தல் நம் இலக்கணிகள் தொட்ட பொருளே. அதனைச் சிறிது பின்னர்க் காண்போம். மேலும், இக்கருவிகளை விலைகொடுத்து வாங்கப் போகின்றவர்கள் நம் மாணவரின் பெற்றோரும் உற்றாருமே. கணிப்பொறித் துறையினர் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்தி அவர்தம் காதுக்குத் தமிழில் சென்று சேர்தல் வேண்டும்.

எதைக் காப்பது?

ஏலக்காய் பறித்த கையோடு சந்தைக்குப் போவதன்று. பச்சைக்காயின் எடையில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு ஈரம். அதனை ஸ்டோரில் 45 முதல் 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்திப் பத்து, பன்னிரண்டு விழுக்காட்டுக்குக் கொண்டுவருவர். வெப்பம் மிகுந்தால் பச்சை நிறம் வெளுக்கும், காய் வெடிக்கும். குறைந்தால் பூஞ்சணம் பற்றும். பச்சை மாறாத காய்க்கே நல்ல விலை. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உயர்ந்த விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்நாளில் ஒரு ஸ்டோரில் 100 கிலோ உலர்காய் தேறும் அளவு காய் கிடந்திருப்பின், அந்த ஓரிரவின் வெப்பத்தை நம்பி நின்ற பொருள் ஏழு லட்சம் ரூபாய்.

இப்போது அந்த ஸ்டோரில் வெப்ப உணரி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அஃது ஓர் எண்ணை அனுப்புகிறது. அவ்வெண்ணைக் கண்டு அடுப்பின் விசிறி தானே கூடுகிறது அல்லது குறைகிறது. தீயோன் ஒருவன் வெளியே நின்று, "வெப்பம் 70" என்னும் பொய்ச்செய்தியை அலையில் விட்டால் என்னாகும்? அடுப்பு அணையும், காய் பூக்கும். உள்ளே 65 பாகை கொதிக்கையில் "வெப்பம் 50" என்று அவன் சொன்னால், காய் வெளுக்கும். இவ்விரண்டிலும் அவன் எந்த மறைவையும் திருடவில்லை என்பதைக் கருதுக. அவன் செய்தது பொய் சொன்னதே.

மறையீடு என்றவுடன் மறைத்தலே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், சிறு கருவியின் திறத்தில் மறைத்தல் இரண்டாம் பணியே. எந்த ஸ்டோரில் எத்தனை நாள் அடுப்பு எரிகிறது என்பதை வணிகன் அறிந்தால் சந்தைக்கு வரப்போகும் காயின் அளவை ஊகிப்பான்; ஆதலின் மறைத்தலும் வேண்டுவதே. எனினும் முதற்பணி மெய்ம்மை: செய்தி நம் உணரியிடமிருந்துதான் வந்தது, இடையில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்னும் உறுதி. அதனோடு ஒட்டியது புதுமை. நேற்று நம் உணரியே மெய்யாக அனுப்பிய "வெப்பம் 50" என்னும் செய்தியை ஒருவன் பதிந்து வைத்து இன்று மீண்டும் ஒலிக்கச் செய்தால், அச்செய்தியில் பொய் ஏதுமில்லை, முத்திரையும் சரியானதே, ஆனால் பழையது. மறையீட்டை உடைக்காமலேயே ஏமாற்றும் வழி இது. மறைவு, மெய்ம்மை, புதுமை ஆகிய மூன்றையும் ஒருங்கே தராத முறையை, எத்துணை மலிவாயினும், வாங்குதல் தகாது.

பொருளினும் பெரிது உயிர். போடிமெட்டுக்கு அப்பால், மூணாற்றின் அந்தோணியார் காலனிச் சரிவில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் நிலச்சரிவை முன்னறியும் உணரி வலையொன்றை அமைத்தனர். மண்ணுக்குள் துளையிட்டு நீரழுத்தம் அளக்கும் உணரிகளையும், சரிவின் சாய்வை அளக்கும் கருவிகளையும், மழைமானியையும் கம்பியில்லா முறையில் கோத்து, அவற்றின் அளவுகளைச் செயற்கைக்கோள் வழியே கொல்லத்தை அடுத்த தம் வளாகத்துக்கு அனுப்பினர். நம் மலைத்தொடரில் சிறு கருவிகள் உயிர்காக்கும் பணியில் இறங்கிய முன்னோடி முயற்சி அது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதே மூணாற்றுப் பகுதியின் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பின்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அத்தகைய இடத்தில் நிற்கும் உணரி பேசும் சொல் பொய்யாகலாகாது. பொய் எச்சரிக்கை இருமுறை வந்தால் மூன்றாம் முறை மெய் எச்சரிக்கைக்கு ஒருவரும் வீட்டை விட்டு எழமாட்டார்.

குழூஉக்குறியும் மறையீடும்

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைக் குழூஉக்குறி என்றார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு குழுவினர் பிறர் அறியாவண்ணம் பேச அமைத்துக்கொண்ட சொற்கள் இவை. மாட்டுத்தாவணியில் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் இவ்வினத்தது. இவற்றின் வலிமை எதில் உள்ளது? பிறர் முறையை அறியாமையில் உள்ளது. முறையை ஒருவன் அறிந்த அன்றே குறி செத்துவிடும். பின் குழு முழுவதும் புதுக் குறி கற்க வேண்டும்.

மறையீடு இதனின் வேறுபட்டது. முறை ஊரறிந்ததாக இருக்கலாம். திறவுகோல் ஒன்றே மறைவாக இருத்தல் வேண்டும். 1883-இல் ஆகுஸ்தே கெர்க்கோஃப்சு என்னும் அறிஞர் இக்கொள்கையைப் படைத்துறை மறையீட்டுக்கு விதியாக வகுத்தார். பூட்டு செய்யும் வகையை எல்லாரும் அறிந்திருந்தும் நம் வீட்டுப் பூட்டு திறவாமை போல என்க.

இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி மறையெழுத்தை உடைக்கும் வழியை நூலாக எழுதினார். ஒரு மொழியில் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அருகியும் வரும். மறையெழுத்தில் மிகுந்து வரும் குறியை மொழியில் மிகுந்து வரும் எழுத்தோடு பொருத்திப் பார்க்க, மறை விலகும் என்பது அவர் கண்ட நெறி. மொழியை எண்ணிப் பார்த்தவரே முதலில் மறையை உடைத்தார் என்பது மொழித் துறையினராகிய நமக்கு மகிழ்ச்சி தருவது. சொல்லும் ஒரு சான்று. வடமொழியின் 'சூன்யம்' அரபியில் 'சிஃப்ர்' என மொழிபெயர்க்கப்பட்டது. அச்சொல் இலத்தீன் வழியே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து சுழியத்தையும் மறையெழுத்தையும் ஒருங்கே குறித்தது. நம் ஊர்க் கணக்கர் இன்றும் சுழியத்தைச் 'சைபர்' என்கின்றனர். மறையீட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதுவே.

குழூஉக்குறியை மறையீடாக எண்ணிய பிழையை இக்காலப் பெரு நிறுவனங்களும் செய்துள்ளன. கார்க் கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் சிறு கருவிகளில் வழங்கிய 'கீலாக்' என்னும் முறை நெடுங்காலம் வெளியிடப்படாமல் இருந்தது. வெளிப்பட்ட பின்னர் ஓரிரு ஆண்டுகளில், 2008-இல், செருமனியின் போகும் பல்கலைக்கழகத்தார் அக்கருவியின் மின்னோட்ட ஏற்றத்தாழ்வை அளந்தே திறவுகோலைப் பிரித்தெடுத்தனர். பேருந்து, இரயில் பயணச் சீட்டுகளில் உலகெங்கும் பரவிய 'மைஃபேர் கிளாசிக்' அட்டையின் மறைமுறையும் அவ்வாறே காக்கப்பட்டது. அதன் திறவுகோல் 48 பிட் நீளமே. அதே 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனை உடைத்துக் காட்டினர். காவல்துறையினர் வழங்கும் 'டெட்ரா' வானொலியின் ஒரு மறைமுறையில், 80 பிட் எனச் சொல்லப்பட்ட திறவுகோல் உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கப்படுகிறது என்பது 2023-இல் வெளிப்பட்டது. ஆதலின் விற்பவர், "இஃது எங்கள் சொந்த மறைமுறை, யாருக்கும் தெரியாது" என்று பெருமை பேசினால், அதனை அவர் பொருளின் குறையாகவே கொள்க.

எளிமை என்பது வலிமைக் குறைவா?

உலகம் இன்று பெரிதும் வழங்கும் மறையீடு ஏ.இ.எஸ். என்பது. பெல்ஜிய நாட்டினரான டேமன், ரைமன் இருவரும் அமைத்த இதனை அமெரிக்கத் தேசியத் தரப்பாட்டு, தொழில்நுட்ப நிறுவனம் 2001-இல் தரமாக அறிவித்தது. செய்தியை 16 பைட் கட்டங்களாகப் பகுத்து, 128 பிட் திறவுகோலாயின் 10 சுற்று கலக்கும். கால் நூற்றாண்டாகியும் முழுவடிவில் உடைபடவில்லை. அவ்வாறாயின் வேறொன்று எதற்கு?

இவ்வினாவுக்குச் சில்லு செய்வோர் தரும் விடை வேறு. சில்லு வாங்கும் நாம் தரும் விடை வேறு. மிகச் சிறிய அட்டைகளில், தாமே மின்கலம் இல்லாத குறிச்சீட்டுகளில், ஒவ்வொரு மின்வாயிலும் காசு. அதற்காக 2007-இல் 'பிரசென்ட்' என்னும் முறை வந்தது. 64 பிட் கட்டம், 31 சுற்று; அதனை 1,570 மின்வாயில் அளவில் அடக்கலாம். 2012-இல் அது பன்னாட்டுத் தரமும் ஆயிற்று. 2013-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 'சைமன்', 'ஸ்பெக்' என இரண்டை வெளியிட்டது. மென்பொருளில் ஸ்பெக் மிக விரைவானது; உடைந்ததாகவும் செய்தியில்லை. ஆயினும் உளவு நிறுவனத்தின் கைப்பொருளை ஏற்பதா என்னும் ஐயம் மேலோங்க, 2018-இல் பன்னாட்டுத் தர அமைப்பு அவற்றைத் தன் எளிய மறையீட்டுத் தரத்தில் சேர்க்க மறுத்தது. செய்தவர் எவர் என்பதும் தேர்வில் ஓர் அளவுகோலாகியது.

அமெரிக்கத் தர நிறுவனம் 2018-இல் எளிய மறையீட்டுக்கென வெளிப்படையான போட்டி ஒன்றை அறிவித்தது. 57 முறைகள் வந்தன, 56 ஏற்கப்பட்டன. 2019-இல் 32 எஞ்சின. 2021 மார்ச்சில் இறுதிச் சுற்றுக்கு 10 நின்றன. அப்பத்தில் 'கிஃப்ட்-கோஃப்ப்', 'ஃபோட்டான்-பீட்டில்' ஆகிய இரண்டிலும் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மிருதுள் நந்தி பங்கு கொண்டிருந்தார் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. 2023 பிப்ரவரி 7-ஆம் நாள் தேர்வு அறிவிக்கப்பட்டது: 'அஸ்கான்'. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டோபுரோனிக், ஐக்கில்செடர், மெண்டல், ஷ்லேஃபர் ஆகிய நால்வரும் 2014-இல் அமைத்த முறை இது. 2025 ஆகஸ்டில் தரநூல் வெளியாயிற்று. வடிவமைத்த ஆண்டுக்கும் தரமான ஆண்டுக்கும் இடையே பதினோராண்டு. அக்காலம் முழுதும் உலக அறிஞர் அதனை உடைக்க முயன்று தோற்றனர். அந்தத் தோல்விகளே இதற்குச் சான்றிதழ்.

அஸ்கானின் உள்ளமைப்பு ஒரு பஞ்சு போன்றது. 40 பைட் கொண்ட ஒரு நிலைக்களம். அதில் திறவுகோலையும் ஒருமுறை எண்ணையும் இட்டு 12 சுற்று பிசைவர். பின் செய்தியை 16 பைட் பகுதிகளாக உறிஞ்சவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே 8 சுற்று பிசைவர். இறுதியில் மீண்டும் 12 சுற்று பிசைந்து பிழிய, 16 பைட் முத்திரை சொட்டும். மறைத்தலும் முத்திரையிடுதலும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. ஏ.இ.எஸ். தனித்து நின்று மறைக்க மட்டுமே வல்லது. முத்திரைக்கு அதனை 'சி.சி.எம்.' போன்ற ஒரு நடைமுறையில் பூட்ட வேண்டும். அஸ்கானின் பிசைவில் வரும் கணக்குகள் எளியன. ஆதலின் மின்னோட்டத்தை அளந்து திறவுகோலைத் திருடும் கலைக்கு எதிராகக் காப்பிடுவதும் எளிது. காட்டோரத்து வேலிக்கம்பில் ஆளின்றி நிற்கும் கருவிக்கு இது சிறு நன்மையன்று.

எனினும் நம் கருத்து, புதியதே சிறந்தது என்பதன்று. வாங்கும் வானொலிச் சில்லிலேயே ஏ.இ.எஸ். வன்பொருளாகப் பதிந்திருக்குமாயின், அதனையே கொள்க. சந்தையில் கிடைக்கும் பல சில்லுகளில் அவ்வாறே உள்ளது. அங்கு மறையீட்டுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. அவ்வசதி இல்லாத, 2 கிலோபைட் தற்காலிக நினைவகமே உடைய எளிய நுண்கட்டுப்படுத்தியாயின், அஸ்கானைக் கொள்க. பிரசென்டின் 80 பிட் வடிவத்தை இன்று புதிதாகத் தேர வேண்டா. 128 பிட்டுக்குக் குறைந்த திறவுகோல் நெடுநாள் நிற்கும் கருவிக்கு ஆகாது. 64 பிட் கட்டம் என்னும் மற்றொரு குறையைச் சிலர் பெரிதுபடுத்துவர். 32 கிகாபைட் அளவு செய்தியை ஒரே திறவுகோலில் அனுப்பினால்தான் அக்குறை தலைகாட்டும். நம் வெப்ப உணரி தன் வாழ்நாள் முழுதும் பேசினாலும் அவ்வளவு பேசாது.

காற்றிற் போகும் பைட்

கணிப்பொறி அறிஞரின் ஒப்பீட்டுப் பட்டியல்களில் மறையீட்டின் விரைவே முதலிடம் பெறுகிறது. மலைச்சரிவில் நிலைமை வேறு. சில மில்லிநொடிகளில் முடியும் கணக்கன்று மின்கலத்தைத் தின்பது, அலைபரப்பியே தின்பது.

இந்தியாவில் உரிமம் இன்றி இயங்கத்தக்க 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 'லோரா' என்னும் நெடுந்தொலை வானொலி வழங்குகிறது. கைப்பேசிக் கோபுரம் எட்டாத பள்ளத்துக்கும் அஃது எட்டும். ஆனால் மிகத் தொலைவுக்கான அதன் மெதுவான நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 250 பிட்டே செல்லும். ஒரு செய்திக்கு 51 பைட்டே இடம். வெப்பத்தைச் சொல்ல 2 பைட் போதும். அதனோடு 16 பைட் ஒருமுறை எண்ணையும் 16 பைட் முத்திரையையும் கூட்டி அனுப்பினால், இரண்டு பைட் செய்தி 34 பைட் ஆகிறது. கூடிய 32 பைட் என்பது 256 பிட். அதாவது ஒவ்வொரு முறையும் அலைபரப்பி ஒரு நொடி கூடுதலாக எரிய வேண்டும். சோற்றினும் இலைக்கு விலை மிகுந்த கதை.

இதற்குத் தீர்வு முறையை வலிகுன்றச் செய்வதன்று. அனுப்பாமலே அறியத்தக்கதை அனுப்பாது விடுதல். ஒருமுறை எண்ணை இருபுறமும் எண்ணி வைத்துக்கொண்டால் அதனைக் காற்றில் விட வேண்டியதில்லை. கடைசி இரண்டு பைட்டைச் சொன்னால் போதும். லோரா வலையின் நெறியே 32 பிட் எண்ணில் 16 பிட்டை மட்டும் அனுப்புகிறது. முத்திரையையும் சுருக்கலாம். அந்நெறியில் முத்திரை 4 பைட்டே. 4 பைட் முத்திரையை ஊகிப்பவனுக்கு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்றே வாய்ப்பு. நொடிக்கு ஒருமுறை அவன் பொய் விடுத்தாலும், எல்லா வாய்ப்பையும் முயன்று முடிக்க 136 ஆண்டாகும். அலைவரிசையின் மெதுவே அங்கு நமக்கு அரண். நிலச்சரிவு எச்சரிக்கைக்கோ 8 பைட் கொள்வோம். நான்கு பைட் கூடுதற் செலவை அங்கே பார்க்கலாகாது.

எண்ணி வைத்தல் என்றோம். இங்கேதான் களத்தில் நிற்கும் கருவிகள் பெரும்பாலும் தவறுகின்றன. ஒருமுறை எண் என்பது பெயருக்கேற்ப ஒரே முறை வருதல் வேண்டும். ஒரே திறவுகோலோடு அதே எண் மீண்டும் வந்தால், அஸ்கானாயினும் ஏ.இ.எஸ். ஆயினும் காப்பு சரிந்துவிடும். இரு செய்திகளையும் ஒப்பிட்டே மறையை அவிழ்க்கலாம். ஆனி, ஆடிச் சாரலில் நாள் கணக்கில் வெயில் இல்லை. சூரியத் தகடு ஓய்கிறது, கருவி அணைகிறது, வெயில் வந்ததும் விழிக்கிறது. விழித்தவுடன் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்குமாயின், சென்ற மாதத்து எண்கள் எல்லாம் மீண்டும் வரும். ஆதலின் எண்ணை அழியா நினைவகத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆனால் சிறிய சில்லுகளின் அந்நினைவகம் ஏறத்தாழ 1,00,000 முறை எழுதத்தான் உறுதி பெற்றது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் நாளொன்றுக்கு 144; இரண்டாண்டு நிறைவதற்குள் அந்த இடம் தேய்ந்துபோகும். நூறு செய்திக்கு ஒருமுறை மட்டும் எழுதி, விழிக்கும்போதெல்லாம் எழுதியதோடு நூறைக் கூட்டித் தொடங்குவதே தக்க வழி. சில எண்கள் வீணாகும்; வீணானால் என்ன, எண்ணுக்கா பஞ்சம்?

திறவுகோல்

128 பிட் திறவுகோலை ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிக்க நினைப்பவன் 39 இலக்கம் கொண்ட எண்ணிக்கையைக் கடக்க வேண்டும். எனவே அறிவுள்ள கள்வன் பூட்டை விட்டுத் திறவுகோல் இருக்கும் இடத்தைத் தேடுவான். 2016-இல் ஆய்வாளர் சிலர், அவருள் ஒருவர் புகழ்பெற்ற அடி ஷமீர், 'ஃபிலிப்ஸ் ஹியூ' என்னும் வானொலி விளக்குகளை ஆராய்ந்தனர். அவ்விளக்கின் புது மென்பொருளைக் காத்தது ஏ.இ.எஸ்.-சி.சி.எம்.; குறைசொல்ல இயலாத முறை. ஆனால் அவ்வகை விளக்கு எல்லாவற்றிலும் ஒரே திறவுகோல். ஒரு விளக்கின் மின்னோட்டத்தை அளந்து அதனைப் பிரித்தெடுத்தனர். பின்பு ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குக்குத் தானே பரவும் தீநிரலை ஆக்கிக் காட்டினர். அதே 2016-இல் 'மிராய்' என்னும் தீநிரல் உலகெங்கும் கண்காணிப்புக் கேமராக்களையும் வழிப்படுத்திகளையும் இலட்சக் கணக்கில் கைப்பற்றிற்று. அதற்கு எந்த மறையீட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஆலையில் இட்ட கடவுச்சொல்லை வாங்கியவர் மாற்றாமையே போதுமாயிருந்தது.

எஸ்டேட் வேலியில் நிற்கும் உணரியை எவனும் பிடுங்கிச் செல்லலாம். அதனுள் இருக்கும் திறவுகோல் அந்த ஒரு கருவிக்கே உரியதாயின், இழப்பு ஒரு கருவி. எல்லாக் கருவிக்கும் பொதுவாயின், இழப்பு எஸ்டேட் முழுவதும். விற்றவர் எல்லாருக்கும் ஒன்றையே இட்டிருந்தால், மலை முழுவதும். எனவே வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் வினா, "எந்த மறையீடு?" என்பதன்று. "ஒவ்வொரு கருவிக்கும் தனித் திறவுகோல் உண்டா? அதனை நாங்களே மாற்ற இயலுமா? காணாமற்போன கருவியைப் பட்டியலிலிருந்து நீக்க வழி உண்டா?" என்பன. இவற்றுக்கு நேரான விடை தருபவர் ஏ.இ.எஸ். விற்றாலும் அஸ்கான் விற்றாலும் வாங்கலாம். விடையைச் சுற்றி வளைப்பவரிடம் இரண்டும் பயனில. திறவுகோல்களின் பட்டியல் எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் பேரேட்டுக்குள்ளோ, கைப்பேசிக் குழுவில் அனுப்பிய படத்திலோ கிடத்தல் ஆகாது என்பதையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். பட்டியலைப் படமெடுத்துப் பகிர்தல் இக்காலத்தில் எளிதாய் நேர்வது.

இனி ஒன்று. மழைமானியின் செய்தியை மறைப்பது எதற்கு? எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைக் குரங்கணியில் உள்ளவரும் கொட்டகுடியில் உள்ளவரும் அறிதலே நன்று. போடிமெட்டுச் சாலையில் ஜீப்பேறிப் புறப்பட நிற்கும் தோட்டத் தொழிலாளியும் அறிய வேண்டும். ஆனால் அவ்வெண் மெய்யாதல் வேண்டும். அஸ்கானிலும் சி.சி.எம். நடைமுறையிலும் இதற்கு இடம் வைத்துள்ளனர். செய்தியின் ஒரு பகுதியை மறைக்காது திறந்தே விட்டு, அதற்கும் சேர்த்து முத்திரை இடலாம். மழையளவு திறந்த பகுதியிலும், மின்கலத்தின் நிலையும் கருவியின் உள்விவரமும் மறைந்த பகுதியிலும் செல்ல, முத்திரை இரண்டையும் தாங்கும். எச்சரிக்கை மையத்தின் கணிப்பொறி முத்திரையைச் சரிபார்த்த பின், அவ்வளவை ஊர் மன்றத்துப் பலகையில் யாவரும் காண எழுதலாம். எண்ணும் பெறும் வரிசையில் செய்தி வாராது நின்றால், 20 நிமிடத்துக்குள் அந்த மையம் ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும். உணரி பேசாதிருத்தலும் அடைமழைக் காலத்தில் ஒரு செய்தியே.